சொல்லாமல் விட்ட குளிசை

இருநூற்று அறுபத்திரண்டு நூற்று எழுபத்தொன்றாக இறங்கியிருந்தது. என் கொலஸ்ட்ரோல் காட்டிய அந்த இரத்தப் பரிசோதனைத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் திரிந்தேன். பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்களுக்குக் காட்டினேன். உரக்கடையில் காட்டினேன். கடைசியாக, காலபோக விதைப்புக்கு முன்னர் எங்கள் கமக்கார அமைப்பு பொதுநோக்கு மண்டபத்தில் கூடியபோது எழுந்து நின்று தலைக்கு மேலே பிடித்துக் காட்டினேன்.

என் பெயர் வீரகத்தி. கண்டாவளைப் பக்கம் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் முறை பார்ப்பவன். குளத்துத் துருசுக் கதவைத் திறந்தால் எந்த வயலுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் போய்ச் சேரும் என்று கணக்கிட்டுச் சொல்வது என் பொறுப்பு. அந்தப் பழக்கமோ என்னவோ, ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று அறியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அறிந்ததை இன்னொருவருக்கு விளக்கிச் சொல்லாவிட்டால் நித்திரை வராது.

அன்று மண்டபத்தில் நான் விளக்கியது கல்லீரலை.

எங்கள் இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரோலில் பெரும்பங்கு சாப்பாட்டால் வருவதில்லை. கல்லீரல் தானே செய்து அனுப்புவது. எங்கள் குளத்துக்குத் தண்ணீரை அனுப்ப மட்டும்தான் தெரியும். கல்லீரலுக்கு, அனுப்பியதில் மிஞ்சுவதைத் திருப்பி உள்ளே எடுக்கவும் தெரியும். அதற்கென்று அதன் மேலெல்லாம் கண்ணுக்குத் தெரியாத சின்னத் துருசுகள் இருக்கின்றன. அவை குறைந்தால் கொழுப்பு இரத்தத்திலேயே நின்று குழாய்களில் வண்டலாகப் படியும். மஞ்சளுக்கு அந்த நிறத்தைக் கொடுக்கும் சரக்கு இருக்கிறதே, அது அந்தத் துருசுகளைக் கொஞ்சம் கூடுதலாகத் திறக்கக்கூடும் என்று சில ஆராய்ச்சிகள் சொல்கின்றன. சிக்கல் என்னவென்றால், மஞ்சளை உடம்பு வைத்திருக்காது. குடலும் கல்லீரலும் சேர்ந்து அதை உடனேயே உருமாற்றி வெளியே தள்ளிவிடும்.

"வயலில தண்ணி நிக்கவேணும் எண்டால் என்ன செய்வியள்?" என்று கேட்டேன்.

"கழிவு வாயை அடைப்பம்," என்றார்கள் முன்வரிசைக்காரர்.

"அதைத்தான் மிளகு செய்யுது. மஞ்சளை வெளிய தள்ளுற வாயை மிளகுச்சத்து அடைச்சுப் பிடிக்குது. மஞ்சள் உள்ள நிண்டு வேலை செய்யுது."

மண்டபத்தில் ஒரு முனகல் எழுந்தது. ஒரு விசயம் தலைக்குள் போய் உட்காரும்போது சனத்திடமிருந்து வரும் அந்த முனகலைப் போல எனக்குப் பிடித்த சத்தம் வேறில்லை. கனடாவிலிருந்து என் மச்சான் தங்கராசா பார்சலில் அனுப்பிய போத்தல்களில் ஒன்றையும் தூக்கிக் காட்டினேன். மஞ்சள் சத்தும் மிளகுச் சத்தும் அடைத்த குளிசைகள். ஒரு குளிசையில் இருப்பது, கறிக்குப் போடும் மஞ்சள்தூளில் ஏறக்குறைய இரண்டு மேசைக்கரண்டிக்குச் சமம் என்று கணக்குப் போட்டும் சொன்னேன். அந்தக் கணக்கைப் பெருமையாகச் சொன்னேன்.

நான் சொன்னவற்றில் பொய்யென்று ஒரு வசனமும் இல்லை. ஒரே ஒரு வசனத்தை விட்டிருந்தேன்.

கொலஸ்ட்ரோலுக்கென்று கிளினிக்கில் தந்த வெள்ளைக் குளிசையையும் நான் போட்டுவந்தேன். முதலில் வேண்டாம் என்றுதான் நின்றேன். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். இரண்டாம் கிழமை மருந்துக்குப் போனபோது டொக்டர் என் தகப்பன் எத்தனை வயதில் நெஞ்சு வலியில் போனார் என்று கேட்டார். ஐம்பத்தாறு. எனக்கு அறுபத்தொன்று. அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றைப் போட்டேன். அதன்பின் ஒரு நாளும் விடவில்லை. வெள்ளைக் குளிசை எப்படி வேலை செய்கிறது என்றும் எனக்குத் தெரியும். அது கல்லீரல் கொலஸ்ட்ரோல் செய்வதைக் குறைக்கிறது. தட்டுப்பாடு வந்த கல்லீரல் துருசுகளைக் கூட்டி இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. தொண்ணூறு புள்ளி இறங்கியது எதனால் என்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் அதைச் சொன்னால் என் மஞ்சள் கதையின் அழகு போய்விடும்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பத்மாசனி குசினிக்குள்ளிருந்தே கேட்டாள். "இஞ்சாருங்கோ, கொடி பிடிச்ச மாதிரித் தாளைப் பிடிச்சியளாம். வெள்ளைக் குளிசையையும் ஒருக்கால் தூக்கிக் காட்டியிருக்கலாமே."

"அது வேற விசயம்."

"ஓம் ஓம். வேற விசயம்தான்," என்றாள்.

அடுத்த நாள் காலை அமராவதி வந்தாள். எங்களுக்கு அடுத்த வயலைக் குத்தகைக்குச் செய்பவர்கள் அவளும் கணவன் ஆண்டியப்பனும். ஆண்டியப்பனின் தாய் தகப்பன் எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு இந்தப் பக்கம் வந்தவர்கள். அவர் பேச்சில் இன்னும் மலைநாடு இருக்கிறது. அமராவதியிடம் இரண்டும் கலந்து வரும். இருவரும் என்னை ஐயா என்பார்கள். ஏன், எப்படி என்று என்னைக் கேட்பதில் ஆண்டியப்பனுக்கு நிகர் யாருமில்லை. வரம்பில் நின்று அரைமணி நேரம் கேட்பார்.

"ஐயா, எனக்கும் இருநூத்து நாப்பதாம்," என்றாள் அமராவதி. "அந்தப் போத்தல் இன்னொண்ணு இருக்குமா?"

இருந்தது. கூட்டத்தன்று இரவே இன்னும் சிலர் வாங்கிப் போயிருந்தார்கள்; மிச்சத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று, சாப்பாட்டோடு. போத்தலைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு படலை வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள்.

"அப்ப கிளினிக்ல குடுத்த குளிசை? அதையும் போடணுமா?"

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஒரு சொல்லில் பதில் இருந்தது: ஓம். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, "நீங்களும் போடுறீங்களா ஐயா?" என்றுதான் வரும். நான் சொன்னேன்: "ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வேலையைத்தான் செய்யுது, பிள்ளை."

அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது என்று நான் யாருக்கும் சொல்ல முடியாது.

அமராவதி எதையும் அரைகுறையாகச் செய்பவள் அல்ல. நாற்று நட்டால் கயிறு பிடித்தது போல நிற்கும். குளிசையையும் அப்படித்தான் போட்டாள். மார்கழியில் ஆண்டியப்பன் வாய்க்காலடியில் என்னிடம் வந்தார்.

"ஐயா, அவளுக்கு ரெண்டு வாரமா ஒரே அசதி. சோத்தக் கண்டாலே ஓங்கரிக்கிறா. கொடல் ஏதாச்சுமா?"

எனக்கு உடனே ஒரு விளக்கம் கிடைத்தது. எனக்கு எப்போதும் உடனே கிடைக்கும். "கல்லீரலில படிஞ்சு கிடந்த கொழுப்புக் கரையேக்க அப்பிடித்தான் இருக்கும். வாய்க்கால் துப்பரவாக்கேக்க முதல்ல கலங்கல்தானே வரும்? நாளுக்கு நாலாக் குடுங்கோ. கெதியாத் தெளியும்."

"அப்பிடீங்களா," என்று நிம்மதியாகப் போனார்.

தைப்பொங்கலுக்கு நாலு நாள் முன்னர் அவளுடைய கண் மஞ்சளாகிவிட்டது என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் பக்கத்தில் மாரியில், சேற்றில் நிற்பவர் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால் முதலில் எலிக்காய்ச்சல் என்றுதான் பார்ப்பார்கள். பார்க்கவும் வேண்டும், ஆளைக் கொல்லும் நோய் அது. இரத்தம் எடுத்து அனுப்பி, முடிவு வரும்வரை காத்திராமல் மருந்தும் ஏற்றத் தொடங்கினார்கள். நானும் எலிக்காய்ச்சல் என்றுதான் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

மூன்றாம் நாள் மோட்டர்சைக்கிளில் பார்க்கப் போனேன். பெண்கள் வாட்டில் யன்னலோரக் கட்டில். அமராவதியின் முகம், உள்ளங்கை, நகக்கண் எல்லாம் மஞ்சள். ஆண்டியப்பன் பிளாஸ்க்கிலிருந்து கஞ்சி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"ஐயா, ஒண்ணும் யோசிக்காதீங்க. நீங்க சொன்ன மருந்த ஒரு வேளையும் நிறுத்தல." கட்டிலருகே நின்ற சின்ன அலுமாரியைத் திறந்து, துவாய்க்கு அடியிலிருந்து போத்தலை எடுத்தார். "கல்லீரலுக்குத்தான நோவு? கல்லீரலுக்கு நல்லதுன்னு நீங்கதான சொன்னீங்க. நர்சு கண்டா ஏசும்னு ஒளிச்சு வச்சுக் குடுக்குறேன்."

போத்தலைக் கையில் வாங்கினேன். அடியில் கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தது. நின்ற நிலையிலேயே எல்லாம் எனக்கு விளங்கியது. இதுவரை எதையும் அவ்வளவு தெளிவாக நான் விளங்கிக்கொண்டதில்லை. கழிவு வாயை அடைத்தால் தண்ணீர் நிற்கும் என்று மண்டபத்தில் சொன்னவன் நான். நாள்கணக்கில் நின்றால் பயிரின் வேர் அழுகும் என்பதை அங்கே சொல்ல யாரும் தேவையில்லை. அது எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கல்லீரல் ஒன்றை அவசரமாக வெளியே தள்ளுகிறது என்றால் ஏன் தள்ளுகிறது என்று நான் கேட்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்து வாட்டைப் பார்க்கும் டொக்டர் கௌசலா கட்டிலடிக்கு வந்தார். இளம் பிள்ளை, நெற்றியில் நித்திரையின்மை எழுதியிருந்தது. கொப்பியைப் புரட்டிவிட்டுக் கேட்டார். "அம்மா, எலிக்காய்ச்சல் இல்லை எண்டு முடிவு வந்திட்டுது. மஞ்சள் இன்னும் ஏறுது. வேற ஏதும் மருந்து குடிச்சனீங்களோ? நாட்டு மருந்து, கசாயம், கடையில வாங்கினது?"

அமராவதி என்னைப் பார்த்தாள். பிறகு டொக்டரைப் பார்த்தாள்.

"இல்லீங்க," என்றாள்.

ஆண்டியப்பன் தரையைப் பார்த்தார். போத்தல் என் காற்சட்டைப் பையில் இருந்தது. எப்போது வைத்தேன் என்று நினைவில்லை. டொக்டர் அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நான் செய்தது என்னவென்றால், ஆண்டியப்பனின் காதருகே குனிந்து, "இது பழசாப் போச்சு, நான் புதுசு கொண்டு வாறன், அதுவரைக்கும் ஒண்டும் குடுக்காதேங்கோ," என்று சொல்லிவிட்டுப் போத்தலோடு வீட்டுக்கு வந்தேன். இனிக் குளிசை உள்ளே போகாது, தானாகத் தெளிந்துவிடும், யாரும் எதுவும் அறியத் தேவையில்லை. வழியெல்லாம் இதை எனக்கு நானே விளக்கிக்கொண்டு வந்தேன். விளக்கம் நன்றாகத்தான் இருந்தது.

பத்மாசனி மேசையில் கிடந்த போத்தலைப் பார்த்தாள்.

"குடுத்ததை ஏன் திருப்பிக் கொண்டுவந்தனீங்கள்?"

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

"டொக்டருக்குத் தெரியுமோ?"

"நிப்பாட்டியாச்சு. இனிச் சரியாகும்."

"நான் கேட்டது அதில்லை." அவள் கதிரையை இழுத்து எனக்கு எதிரே இருந்தாள். "வாய் ஓயாமல் எல்லாத்துக்கும் விளக்கம் சொல்லுற மனுசன், கேட்ட இடத்தில வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறார். வெக்கமாயில்லையே உங்களுக்கு?"

இருந்தது. உடம்பெல்லாம் இருந்தது. ஆனாலும் அன்று நான் திரும்பிப் போகவில்லை. வெட்கம் ஆளை நடக்கவைக்கும் என்று நினைத்திருந்தேன். அது கதிரையோடு ஒட்டவைக்கத்தான் செய்தது.

மறுநாள் காலை போத்தலையும் எடுத்துக்கொண்டு போனபோது ஆண்டியப்பன் வாட்டு வாசலில் நின்றார். இரவில் மஞ்சள் இன்னும் ஏறிவிட்டதாம், யாழ்ப்பாணத்துக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறார்களாம். சொல்லிக்கொண்டே மடியிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டுப் பொட்டலத்தை எடுத்தார். விபூதி மடிப்பது போல மடித்திருந்தார். உள்ளே பத்துப் பன்னிரண்டு குளிசைகள், மஞ்சள் மஞ்சளாக.

"போத்தல நர்சு தூக்கிட்டா என்ன செய்யறதுன்னு மொதல்லயே கொஞ்சம் எடுத்து வச்சிருந்தேன். நீங்க பழசுன்னீங்க. ஆனா ஏறுதேன்னு பயந்து ராத்திரி ரெண்டு, இப்ப ரெண்டு குடுத்தேங்கய்யா. தப்பாங்க?"

என்னை நம்பியதால்தான் அவர் என் சொல்லை மீறியிருந்தார்.

அவரையும் கூட்டிக்கொண்டு டொக்டரின் மேசைக்குப் போனேன். போத்தலை எடுத்து வைத்தேன். டொக்டர் அதைச் சுழற்றிச் சின்ன எழுத்துகளை வாசித்தார். மிளகுச் சத்து என்று எழுதியிருந்த கடைசி வரியில் அவருடைய விரல் நின்றது.

"எவ்வளவு நாளா?"

"ஐப்பசியில இருந்து. முதல்ல நாளுக்கு ரெண்டு. மார்கழி நடுவில இருந்து நாலு."

"நாலு எண்டு ஆர் சொன்னது?"

"நான்."

"ஏன்?"

அந்த ஏனுக்கு என்னிடம் வாய்க்கால், கலங்கல், தெளிவு என்று நீளமான பதில் ஒன்று இருந்தது. வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

"தெரியாமல் சொன்னனான்."

"நேற்று நான் கேக்கேக்க கட்டிலடியில நிண்டது நீங்கள்தானே ஐயா?"

"ஓம்."

"அப்ப இந்தப் போத்தல் எங்க இருந்தது?"

"என்ரை பையுக்குள்ள."

அவர் ஏசவில்லை. எழுதிக்கொண்டே சொன்னார்: "கறிக்குப் போடுற மஞ்சள் வேற, இது வேற. இதைக் குடிக்கிற எல்லாருக்கும் இப்பிடி வராது. ஒரு சிலருக்கு ஈரல் தாங்காது. அது ஆர் எண்டு முன்கூட்டிச் சொல்லேலாது. எனக்கு வேண்டியது ஆரும் உண்மையைச் சொல்லுறதுதான்." பிறகு, "கிளினிக் கொலஸ்ட்ரோல் குளிசையும் போட்டவாவோ? அதுவும் ஈரலோட சம்பந்தப்பட்டது. எனக்குச் சரியாத் தெரியவேணும்."

"இல்லை. அப்பவே நிப்பாட்டினவா." அதோடு நிறுத்தப் பார்த்தேன். முடியவில்லை. "போடவேணுமோ எண்டு என்னைக் கேட்டவா. நான் ஓம் எண்டு சொல்லேல்ல."

பின்னால் நின்ற ஆண்டியப்பன் எனக்காகப் பேச முன்னே வந்தார். "ஐயா பொய் சொல்லலீங்க டொக்டரம்மா. ஐயாவுக்கு இதே மருந்துலதான் நல்லா எறங்குச்சு. தாளையே பாத்தோம், கூட்டத்துல."

டொக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "வேற குளிசை ஒண்டும் போடேல்லையோ நீங்கள்?"

"போட்டனான்," என்றேன். "கிளினிக் வெள்ளைக் குளிசை. ஒரு நாளும் விடேல்ல."

நான் ஆண்டியப்பனைப் பார்க்கவில்லை. அவருடைய கையை மட்டும் பார்த்தேன். அந்தப் பத்திரிகைப் பொட்டலம் மெதுவாக வந்து போத்தலுக்குப் பக்கத்தில் மேசையில் அமர்ந்தது. அது பிரிந்து ஒரு குளிசை உருண்டது. அதை விரலால் தடுத்துத் திரும்ப உள்ளே தள்ளி, மடித்து வைத்தார்.

யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப வேண்டி வரவில்லை. குளிசை நின்று ஐந்தாம் நாள் எண்கள் இறங்கத் தொடங்கின. ஆனாலும் அவள் வீட்டுக்கு வர மூன்று கிழமை சென்றது. கண் வெள்ளையாகப் பங்குனி பிறக்க வேண்டியிருந்தது. நட்டவளில்லாமல் அந்த வயலில் அறுவடை நடந்தது.

ஆண்டியப்பன் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. இப்போதும் ஐயா என்றுதான் அழைக்கிறார். ஒன்று மட்டும் மாறியிருந்தது. தண்ணீர் முறையை அவர் என்னிடம் கேட்பதில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு துருசடி வரை தானே போய், கதவு எவ்வளவு திறந்திருக்கிறது, வாய்க்காலில் எவ்வளவு ஓடுகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்து மண்வெட்டியைத் தூக்குகிறார். போகவர ஏழு கிலோமீற்றர். என் தண்ணீர்க் கணக்கு ஒருநாளும் பிழையாகப் போனதில்லை.

சித்திரையில் ஒருநாள் அமராவதி எங்கள் படலையடிக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"ஐயா, என் ஈரலுக்குள்ள என்ன நடந்திச்சு?"

எனக்கு நெஞ்சு திறந்தது போலிருந்தது. ஒருவர் என்னிடம் ஏன் என்று கேட்டு எவ்வளவு நாள்! நான் தொடங்கினேன். மிளகு, கழிவு வாய், தேங்கிய தண்ணீர்.

அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இங்க வேணாம். எனக்கு மட்டும் சொன்னா எப்பிடி? கூட்டத்துல வச்சுச் சொன்னதக் கூட்டத்துலயே சொல்லுங்க. இந்தத் தடவ ஒண்ணையும் விடாம." போகத் திரும்பியவள், "நான் வந்து கேக்குறேன்," என்றாள்.

சிறுபோகக் கூட்டத்தில் தண்ணீர் விசயமெல்லாம் முடிந்தபின் எழுந்தேன். இந்த முறை கையில் என் கிளினிக் கொப்பி. விரித்து, வெள்ளைக் குளிசையின் பெயர் எழுதிய பக்கத்தைத் தூக்கிப் பிடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். குளிசை, தாள், அமராவதியின் கேள்வி, என் பதில், நாலு என்று சொன்னது, பைக்குள் இருந்த போத்தல்.

பிறகு முன்வரிசையிலிருந்து ரஜிதன், உரக்கடைக்காரன், குரலெடுத்தான். "அப்ப வீரகத்தியண்ணை, இனி மிளகு ரசமும் வைக்கேலாதோ? மனிசி கொல்லப்போறாளே!"

மண்டபம் சிரித்தது. நல்ல சிரிப்பு, என்னை இழுத்து உள்ளே இருத்திக்கொள்ளும் சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்திருந்தால் எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். ரசம் வேறு, குளிசை வேறு என்று பகிடியாக ஒரு விளக்கம்கூட நாக்கு நுனியில் வந்து நின்றது.

கடைசி வரிசைக் கதிரையில் அமராவதி இருந்தாள். பக்கத்தில் ஆண்டியப்பன். இருவரும் சிரிக்கவில்லை. ஆண்டியப்பன், வரம்பில் நின்று கேட்கும்போது பிடிப்பது போல, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தார்.

சிரிப்பு அடங்கும்வரை நின்றேன். கொப்பியை மறுபடி உயர்த்தினேன்.

"ரசத்தால ஒண்டுமில்லை," என்றேன். "நான் உங்களிட்ட மறைச்சதாலதான் வந்தது. இன்னொருக்கால் முதலில இருந்து சொல்லுறன். ஆரிட்டையும் அந்தப் போத்தல் மிச்சம் கிடந்தால், நான் முடிக்கிறதுக்கிடையில கையைத் தூக்குங்கோ."

மூன்று கைகள் உயர்ந்தன. அதில் ஒன்று ரஜிதனுடையது.